கட்டடக் கண்ணாடியின் வரலாறும் அதன் தமிழ்ப் பெயர்களும்



மொழியியல் பயின்றோர் கண்ணாடித் தொழிலைப் பற்றிப் பேச முற்படுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஒரு பொருள் வளர்ந்து பலவகையாகப் பிரியும்போது அதனைக் குறிக்கும் சொல்லும் பிரிந்தாக வேண்டும். பிரியாவிடில் பொருள்மயக்கம் நேரும். நம் நகரங்களில் வானளாவ நிற்கும் கட்டடங்களின் கண்ணாடி அத்தகைய ஒரு பொருள். அதன் வகைகளுள் வெப்பத்தால் வலுவூட்டப்பெற்ற கண்ணாடி என்பது தமிழில் இன்னும் தெளிவான பெயர் பெறாதது. அதன் வரலாற்றை முதலில் கண்டு, பெயரைப் பின்னர் ஆராய்வோம்.

1. கண்ணாடி என்னும் சொல்

பழந்தமிழில் ஆடி என்பது முகம் பார்க்கும் பொருளைக் குறித்தது. கண், ஆடி என்னும் இரு சொற்களும் இணைந்த கண்ணாடி, இன்று முகம் பார்ப்பதற்கும், மூக்கில் அணிவதற்கும், சன்னலில் பொருத்துவதற்கும் பொதுப்பெயராக வழங்குகிறது. ஒளி ஊடுருவும் பொருளுக்குப் பளிங்கு என்னும் சொல் இருந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் ‘பளிக்கறை புக்க காதை’ என்றே ஒரு காதை உண்டு. பளிங்கறையினுள் இருக்கும் மணிமேகலையை உதயகுமரன் காண்கிறான். ஆயினும் உள்ளே புகும் வழி அவனுக்குப் புலப்படவில்லை. கண்ணுக்குத் தடையின்மையும் உடலுக்குத் தடையுடைமையும் ஒருங்கே அமைந்த சுவரைப் புலவர் கற்பனையில் எழுப்பிவிட்டார். அச்சுவரை உண்மையாகவே எழுப்புவதற்குத் தொழில்நுட்பம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

நம்மோடு வாழும் மலாய் மொழியில் காச்சா என்பது பொருளையும், செர்மின் என்பது முகம் பார்க்கும் ஆடியையும் குறிக்கும். காச்சா வடமொழியிலிருந்து சென்ற சொல். எனினும் பேச்சுவழக்கில் மகிழுந்தின் சன்னலையும் செர்மின் என்றே பலர் சொல்கின்றனர். பொருள் பெருகும்போது சொல் நெகிழ்வது எம்மொழிக்கும் இயல்பே.

2. இளவரசரின் கண்ணாடித் துளி

உருகிய கண்ணாடியை நீரில் சொட்டவிட்டால், தலைப்பிரட்டையைப் போன்ற வடிவில் அது இறுகும். அதன் தலையைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது. வாலை நுனியில் கிள்ளினாலோ முழுத்துளியும் தூளாகிவிடும். 1660-ஆம் ஆண்டளவில் ரூப்பர்ட் இளவரசர் இத்துளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். மன்னர் இரண்டாம் சார்லசு வழியாக அவை 1661-இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்வுக்குச் சென்றன. 1665-இல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலில் இராபர்ட் ஹூக் இவற்றை ஆராய்ந்து எழுதினார்.

இப்புதிருக்கான விளக்கமே பின்வந்த வலுவூட்டல் முறைகள் அனைத்துக்கும் அடிப்படை. நீர் பட்டதும் மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்க முயலும்போது, ஏற்கெனவே இறுகிய மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. அதனால் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைபெறுகின்றன. கண்ணாடி பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள நுண்கீறல் விரிவதனால் உடைகிறது. நுண்கீறல்களே கண்ணாடியின் வலுக்குறைவுக்குக் காரணம் என்பதை ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட ஆய்வுரையில் நிறுவினார். மேற்பரப்பு அழுத்தத்தில் இருக்கும்வரை கீறல் விரிய இயலாது. உட்புற இழுவிசைப் பகுதியை விரிசல் எட்டிவிட்டாலோ சேர்த்துவைத்த ஆற்றல் முழுதும் ஒரே கணத்தில் வெளிப்படும்.

3. எண்ணெயிலிருந்து காற்றுக்கு

இந்த அறிவு தொழிலாக மாற இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. பிரான்சு நாட்டவரான ராயே தெ லா பசுத்தீ, சூடேற்றிய கண்ணாடியைக் காய்ந்த எண்ணெயில் அமிழ்த்தும் முறைக்கு 1874-இல் காப்புரிமை பெற்றார். அவர் முறையில் செய்த கலங்கள் கீழே விழுந்தாலும் எளிதில் உடையவில்லை. எனினும் அவற்றுள் சில எவரும் தொடாமலே வெடித்தன. இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்கு மாற்றாகக் காற்றைப் பீய்ச்சும் முறை வந்தது. இன்று கண்ணாடித் தகடு உருளைகளின்மேல் நகர்ந்து உலையினுள் சென்று 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. வெளியே வந்ததும் இருபுறமும் காற்றுப் பீய்ச்சப்படுகிறது.

அத்தகட்டையே பெருமளவில் மாற்றியமைத்தது மற்றொரு கண்டுபிடிப்பு. இங்கிலாந்தின் செயின்ட் எலன்சு நகரில் அலசுட்டர் பில்கிங்டன் 1952-இல் தொடங்கிய முயற்சி 1959-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால் இருபுறமும் சமதளமாகிய தகடு கிடைக்கும். தேய்த்து மெருகேற்றும் பெருஞ்செலவு இதனால் தவிர்ந்தது. அகன்ற கண்ணாடிச் சுவர்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. மெல்போர்ன் தந்த பாடம்

ஆசுத்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1958-இல் ஐ.சி.ஐ. மாளிகை கட்டி முடிக்கப்பட்டது. அதன் வெளிச்சுவரில் கடும்பதமேற்றிய கண்ணாடித் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. அடியோ மோதலோ இன்றியே அவற்றுள் சில உடைந்தன. அந்நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாலன்டைன் 1961-இல் தம் அறிக்கையில் காரணத்தை விளக்கினார். கண்ணாடியினுள் நிக்கல் சல்பைடு என்னும் நுண்துகள்கள் சிக்கியிருந்தன.

அத்துகள் உயர்வெப்பத்தில் ஒரு வடிவத்திலும், ஏறக்குறைய 380 பாகைக்குக் கீழே வேறொரு வடிவத்திலும் இருக்க வேண்டியது. விரைந்து குளிர்விக்கும்போது வடிவம் மாற அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பின்னர் மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து அது மெல்ல மாறுகிறது; மாறும்போது 2 முதல் 4 விழுக்காடு வரை பருமன் பெருகுகிறது. இழுவிசையில் இருக்கும் உட்பகுதியில் அத்துகள் அமைந்திருப்பின், அவ்விரிவே முழுத்தகட்டையும் நொறுக்கிவிடும்.

இதற்குத் தொழிலுலகம் கண்ட தீர்வுகளுள் ஒன்று வெப்பச் சோதனை. தகடுகளை 260 முதல் 290 பாகை வரை சூடேற்றிச் சில மணி நேரம் வைத்திருந்தால், பழுதுள்ளவை பெரும்பாலும் அடுப்பிலேயே உடைந்துவிடும். மற்றொரு தீர்வு, கண்ணாடியின் உள்ளழுத்தத்தையே குறைவாக அமைப்பது. நம் தலைப்பாகிய கண்ணாடி இங்கேதான் சிறப்பிடம் பெறுகிறது.

5. இடைநிலையில் நிற்கும் கண்ணாடி

கடும்பதக் கண்ணாடிக்கும் வெப்பத்தால் வலுவூட்டப்பெற்ற கண்ணாடிக்கும் உலை ஒன்றே. குளிர்விக்கும் வேகமே வேறு. முன்னதற்குக் காற்று கடுமையாகப் பீய்ச்சப்படும், பின்னதற்கு மென்மையாக. அமெரிக்கத் தர விதிப்படி பின்னதன் மேற்பரப்பு அழுத்தம் 24 முதல் 52 மெகாபாசுக்கல் வரை இருத்தல் வேண்டும். கடும்பதக் கண்ணாடிக்கோ குறைந்தது 69 வேண்டும். ஐரோப்பிய விதிகள் குறிக்கும் வளைவு வலிமை சாதாரணக் கண்ணாடிக்கு 45, வலுவூட்டியதற்கு 70, கடும்பதத்திற்கு 120 மெகாபாசுக்கல். ஒரே தகட்டில் வெயில் படும் பகுதிக்கும் நிழல் படும் பகுதிக்கும் இடையே, சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 40 பாகை வெப்ப வேறுபாட்டைத் தாங்கும். வலுவூட்டியது 100 பாகையையும், கடும்பதம் 200 பாகையையும் தாங்கும்.

எண்களை மட்டும் நோக்குவோர் கடும்பதமே எங்கும் சிறந்தது என்று முடிவு செய்வர். உடையும் விதத்தையும் நோக்குதல் வேண்டும். கடும்பதக் கண்ணாடி சிறு துண்டுகளாக நொறுங்கும். அவை ஆழமாக வெட்டுவதில்லை. ஆதலால் கதவுக்கும் குளியலறைத் தடுப்புக்கும் அது ஏற்றது. ஆனால் நொறுங்கியதும் சட்டத்தைவிட்டு முழுதும் உதிர்ந்துவிடும். வலுவூட்டியது பெருந்துண்டுகளாக விரிசலிடும். அவை பெரும்பாலும் சட்டத்திலேயே தங்கி நிற்கும். உள்ளழுத்தம் குறைவாதலின் தானே வெடிக்கும் இடர் மிகமிக அரிது. தகட்டின் தளமும் கூடுதலாகச் சமமாக இருப்பதால் அதில் தோன்றும் பிம்பம் குறைவாகவே நெளியும். இவை பற்றியே உயர்மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவர்க்கு அதனைப் பலர் தேர்கின்றனர். எனினும் அதன் பெருந்துண்டுகள் கூர்மையானவை. ஆகவே தனித்தகடாக அது பாதுகாப்புக் கண்ணாடி என்னும் வகையில் சேராது.

பாதுகாப்பு வேண்டுமிடத்து அது ஒட்டடுக்காக்கப்படும். இம்முறையின் தொடக்கம் எதுவார் பெனெதிக்துசு என்னும் பிரெஞ்சு வேதியியலாளரோடு தொடர்புடையது. செல்லுலோசு நைட்ரேட்டுப் படலம் உட்புறத்தில் படிந்திருந்த குடுவை ஒன்று கீழே விழுந்தும் சிதறாமல் இருந்ததை 1903-இல் அவர் கண்டதாகக் கூறுவர். 1909-இல் காப்புரிமை பெற்றார். இன்று இரு தகடுகளுக்கு இடையே நெகிழித்தாள் வைத்து ஒட்டுகின்றனர். தலைக்குமேல் அமையும் கூரைக் கண்ணாடியை எண்ணிப் பார்ப்போம். இரு கடும்பதத் தகடுகளை ஒட்டிய கூரையில் இரண்டும் நொறுங்கினால், அது ஈரத்துணிபோல் தொய்ந்து கீழிறங்கக்கூடும். வலுவூட்டிய தகடுகளாயின் பெருந்துண்டுகள் ஒன்றையொன்று தாங்கி, பழுது பார்க்கும்வரை விழாமல் நிற்க வாய்ப்பு மிகுதி.

கண்ணாடியின் வலிமை ஒன்றே போதாது என்பதற்குப் பாசுடன் நகரின் சான் ஆன்காக் கோபுரம் சான்று. 60 மாடிகளைக் கொண்ட அக்கட்டடத்தில் 1973-இல் கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்தன. இரட்டைத் தகடுகளை இணைத்த ஈயப்பட்டையின் பிணைப்பு நெகிழ்வின்றி இருந்ததே காரணம். முடிவில் 10,344 கண்ணாடிகளும் மாற்றப்பட்டன. தகடு, பிணைப்பு, சட்டம் ஆகிய மூன்றும் ஒத்திசைய வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் பெரும்பொருள் செலவிட்டு அறிந்தனர்.

6. பெயரிடுதல்

இனிப் பெயருக்கு வருவோம். கடும்பதக் கண்ணாடியை அமெரிக்கர் டெம்பர்ட் என்றும் ஆங்கிலேயர் டஃபன்ட் என்றும் அழைப்பர். நம் நாடுகளில் இரண்டும் வழங்குகின்றன. பொருள் ஒன்றாயினும் பெயர் இரண்டாதலின், அவற்றை இருவேறு கண்ணாடிகள் எனக் கருதுவாரும் உளர். வெப்பத்தால் வலுவூட்டியதைக் குறிக்கும் சிட்ரெங்தன்ட் என்பது மூன்றாம் சொல். இவை மூன்றையும் அகராதி கொண்டு பெயர்ப்போர் மூன்றுக்கும் ‘வலுவூட்டிய கண்ணாடி’ என்றே எழுதிவிடக்கூடும். பாதுகாப்பு அறிவிப்பிலோ பாடநூலிலோ இவ்வாறு அமைந்தால், பெருந்துண்டாக உடையும் கண்ணாடியைக் கதவுக்கு ஏற்றதெனப் படிப்பவர் கொள்வர். சொல்லின் மயக்கம் இங்கே உடலைக் காயப்படுத்தும் அளவுக்குச் செல்லும்.

‘பதப்படுத்திய கண்ணாடி’ என்பதும் போதாது. இருவகையும் உலையில் பதம் பெற்றவையே. ஆகவே நான்கு பெயர்களை இங்கு முன்மொழிகிறோம். நீண்ட சூளையில் மெல்லக் குளிர்வித்து உள்ளழுத்தம் நீக்கிய சாதாரணக் கண்ணாடியை ‘ஆற்றிய கண்ணாடி’ எனலாம். சூட்டையும் துயரையும் ஆற்றுதல் என்று சொல்லும் தமிழில் இச்சொல் தானே விளங்கும். மென்காற்றில் வலுப்பெற்றது ‘மென்பதக் கண்ணாடி’; கடுங்காற்றில் வலுப்பெற்றது ‘கடும்பதக் கண்ணாடி’. பதம் என்னும் ஒரே சொல் இரண்டின் உறவையும், அடைமொழி அவற்றின் வேற்றுமையையும் காட்டும். நெகிழித்தாள் இட்டு இணைத்தது ‘ஒட்டடுக்குக் கண்ணாடி’. ஐரோப்பிய விதிகள் மென்பதத்திற்கு 1863 என்றும் கடும்பதத்திற்கு 12150 என்றும் தனித்தனி எண் கொடுத்துள்ளன. எண்ணால் பிரிக்கப்பட்டதைச் சொல்லாலும் பிரித்தல் நம் கடன்.

ஆசிரியர்கள் இப்பெயர்களை வகுப்பறையில் ஆராய்ந்து பார்க்க வேண்டுகிறோம். மாணவர்கள் தாம் பயிலும் பள்ளியின் கதவிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் உள்ள கண்ணாடியின் மூலையைக் கூர்ந்து நோக்குக; வகையைக் குறிக்கும் சிறு முத்திரை பெரும்பாலும் அங்கே இருக்கும். அதனைப் படித்து, அவ்வகையைத் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். நாம் முன்மொழிந்தவற்றினும் பொருத்தமான சொல் அவர்களுக்குத் தோன்றுமாயின் அதனையே ஏற்போம். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்னும் வரையறை மட்டும் மாறாதிருத்தல் வேண்டும்.