ஊழியர் நலனுக்குப் பணத்தைவிட அனுமதியே தேவை

கிளிநொச்சியிலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சில வருடங்கள் மேற்பார்வையாளராக இருந்தேன். ஒருநாள் மின்சாரம் நின்று ஜெனரேற்றர் பெருஞ்சத்தத்துடன் இயங்கியபோது, என் வரிசையில் தைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மெஷினுக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டார். யுத்தம் முடிந்து அப்போது பத்து வருடங்கள். அந்த மாதம் நிர்வாகம் நடத்திய ‘ஊழியர் நலத் திட்டம்’ ஒரு பதாகையும் அரைமணி நேர யோகாசனமும்தான்.

அதன் பின்னர் நாங்கள் கேட்டுப் பெற்ற மாற்றங்களுக்குப் பெரிய செலவு எதுவும் ஏற்படவில்லை.

சத்தம்: ஜெனரேற்றரை இயக்க முன்னர் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். தீயணைப்புப் பயிற்சி நடக்கும் நேரத்தையும் முன்கூட்டியே சொன்னோம்.

இருக்கை: உடலில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்கள் நாள் முழுவதும் நிற்க முடியாது. அயன் செய்யும் இடத்திலும் துணி பார்வையிடும் இடத்திலும் உயரமான கதிரைகள் போட்டோம். கேட்டவருக்கு வேலைப் பகுதியை மாற்றிக் கொடுத்தோம்.

தண்ணீர்: கழிப்பறைக்குப் போக அட்டை வாங்கவேண்டியிருந்ததால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது வழிவிடும். அட்டை முறையை நிறுத்தினோம்.

பரிசோதனை: 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சீனியும் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகப் பார்க்கலாம். தேவைப்படுவது அரைநாள் விடுப்பு மட்டுமே. அதைச் சம்பளத்துடன் தரும்படி கேட்டோம்.

பேச்சு: பாதிக்கப்பட்டவரிடம் “என்ன நடந்தது?” என்று துருவிக் கேட்கக்கூடாது. அமைதியான இடத்தில் இருக்கவிட்டு, தண்ணீர் கொடுத்து, அவர் பேசினால் மட்டும் கேட்கவேண்டும். மேலதிக உதவிக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

நாட்கள்: மே 18ஆம் திகதி விடுப்புக் கேட்பவரிடம் காரணம் கேட்பதில்லை என்று முடிவெடுத்தோம். அன்று உற்பத்தி இலக்கையும் குறைத்தோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்க்கு வேலைநேரத்தில் தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. அது சட்டம் கொடுத்த உரிமை, நிர்வாகத்தின் சலுகையல்ல.

இவற்றில் ஒன்றையாவது உங்கள் ஊழியர் சபைக் கூட்டத்தில் எழுத்தில் முன்வையுங்கள். அந்த அக்கா இப்போதும் அதே வரிசையில்தான் தைக்கிறார். அறிவிப்புக் கேட்டதும் மெஷினை நிறுத்தி, இரு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொள்கிறார். சத்தம் அடங்கியதும் மீண்டும் தைக்கத் தொடங்குகிறார்.