தண்ணீரைச் சுத்தமாக்கும் வெங்காயத்தாமரை... ஆனா, ஒரு கண்டிஷன்!

அய்யன் வாய்க்கால், பெருவளை வாய்க்கால் பாசனத்தை நம்பியிருக்கும் லால்குடி விவசாயிகளுக்கு வெங்காயத்தாமரை என்றாலே தலைவலிதான். ஆகாயத்தாமரைன்னும் சொல்லப்படும் இந்தத் தென் அமெரிக்கச் செடி, தண்ணீரை வயலுக்குப் போகவிடாமல் அடைத்துக்கொள்ளும். ஆனால், இதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு.

டயர் தேய்ந்து உதிரும் துத்தநாகம், பிரேக்கிலிருந்து உதிரும் செம்பு எல்லாம் மழையில் கழுவப்பட்டு, சாலையிலிருந்து நீர்நிலைகளுக்கு வந்து சேரும். வெங்காயத்தாமரையின் தொங்கும் வேர்கள் இவற்றோடு ஈயம், காட்மியம், குரோமியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும்.

அப்போ, அப்படியே விட்டுடலாமா? கூடாதுங்க! செடி அழுகினால், உறிஞ்சிய உலோகம் மறுபடியும் தண்ணிக்கே வந்துடும். அதனால, வாய்க்காலோடு சேராத தனிக் குட்டையில் வளர்த்து, அழுகும் முன்பே வேரோடு அள்ளிவிட வேண்டும். கழிவுநீர் கலக்கும் இடத்தில் அள்ளிய செடியை மாட்டுக்குப் போடாதீங்க, வயலுக்கு உரமாக்காதீங்க. அந்த உலோகம் பாலாகவும் சோறாகவும் நம்ம தட்டுக்கே வரலாம்!