பி.இ. விகிதம்

பங்கின் சந்தை விலையை, அந்தப் பங்கு ஒன்றுக்கு நிறுவனம் ஓராண்டில் ஈட்டிய நிகர லாபத்தால் வகுத்தால் வரும் எண். விலை–வருவாய் விகிதம் என்றும் எழுதுவர். தரகர் அலுவலகங்களிலும் வணிக இதழ்களிலும் பி.இ. என்றே வழங்குகிறது. பங்கு 200 ரூபாய்க்கு விற்று, பங்கு ஒன்றுக்கான லாபம் (இ.பி.எஸ்.) 20 ரூபாயாக இருந்தால் பி.இ. 10. இதே லாபம் நீடித்தால், கொடுத்த விலைக்கு ஈடான தொகையை நிறுவனம் ஈட்டப் பத்தாண்டு ஆகும். தலைகீழாக வகுத்தால் 10 சதவீதம் என்று வரும். வங்கி வைப்பு வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். மேலே இருக்கும் விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. கீழே இருக்கும் லாபமோ கணக்கர்கள் எழுதித் தருவது, மாறக்கூடியது, மாற்றப்படக்கூடியது. இந்த விகிதத்தை நம்பி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கீழ் எண்ணில்தான் ஏமாந்தார்கள்.

தோற்றம்

அமெரிக்காவில் 1920-களின் ஏற்றத்துக்கு முன்பு வரை, நல்ல நிறுவனத்தின் பங்குக்கு லாபத்தைப்போல் பத்து மடங்கு கொடுக்கலாம் என்பது வழக்கமாக இருந்தது. 1929-க்கு முந்தைய ஆண்டுகளில் அந்த வழக்கம் காற்றில் பறந்தது. பிறகு சந்தை சரிந்தது. சரிவில் தானும் அடிபட்ட முதலீட்டாளர் பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாடுடன் சேர்ந்து 1934-இல் வெளியிட்ட 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' நூலில் இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். ஒரே ஆண்டின் லாபத்தை வைத்து மடங்கு பார்க்கக் கூடாது. ஐந்து முதல் பத்து ஆண்டுச் சராசரியை எடுக்க வேண்டும். முதலீடு என்று சொல்லிக்கொண்டு வாங்குபவர் அந்தச் சராசரியைப்போல் சுமார் 16 மடங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. 1988-இல் ஜான் கேம்ப்பெல், ராபர்ட் ஷில்லர் இருவரும் பணவீக்கத்தைக் கழித்துப் பத்தாண்டுச் சராசரியில் மடங்கு கண்டபோது, அடிப்படை யோசனை கிரகாமுடையதாகவே இருந்தது. இடையில் 1977-இல், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சஞ்சோய் பாசு, குறைந்த பி.இ. உள்ள பங்குகள் உயர்ந்த பி.இ. பங்குகளைவிடச் சராசரியாக நல்ல பலன் தந்தன என்று நியூயார்க் சந்தையின் 1957–1971 தரவுகளைக் கொண்டு காட்டினார். சராசரியாக என்ற சொல்லைப் பலர் படிக்காமல் விட்டுவிட்டார்கள்.

டெல்லி வைத்த மடங்கு

இந்தியாவில் புதுப் பங்கு வெளியீடுகளுக்கான இந்த எண்ணைப் பல பத்தாண்டுகள் சந்தை தீர்மானிக்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, புதுப் பங்கு வெளியிட விரும்பும் நிறுவனம் டெல்லியில் நிதி அமைச்சகத்தின் கீழிருந்த கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. விலையையும் அவரே நிர்ணயித்தார். சூத்திரம் இது: பங்கின் சொத்து மதிப்பு ஒன்று, லாபத்தை ஒரு விழுக்காட்டால் வகுத்துக் கிடைக்கும் மதிப்பு இன்னொன்று, இரண்டின் சராசரியே நியாய விலை. அந்த விழுக்காடு உற்பத்தி நிறுவனங்களுக்கு 15, வணிக நிறுவனங்களுக்கு 20, இரண்டும் கலந்தவற்றுக்கு 17.5. பத்து ரூபாய் லாபத்தை 15 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 67 ரூபாய். அதாவது தொழிற்சாலை என்றால் ஆறே முக்கால் மடங்குக்கும் குறைவு, கடை என்றால் ஐந்து மடங்கு. நிறுவனம் வளர்கிறதா, தேய்கிறதா என்ற கேள்விக்கு இந்தச் சூத்திரத்தில் பெரிதாக இடமில்லை.

அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் (1973) வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கைக் குறைக்கச் சொன்னபோது, 1970-களின் பிற்பகுதியில் அவை இந்தியர்களுக்குப் பங்குகளை விற்றன. விலையும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான். விண்ணப்பம் போட்டுக் கிடைத்தவர்களுக்கு யோகம். இந்திய நடுத்தர வர்க்கம் பங்குச் சந்தைக்குள் நுழைந்ததில் இந்த மலிவு விலைக்குப் பெரும் பங்குண்டு.

1992 மே மாதம் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெளியாகியிருந்தது. ஏ.சி.சி. சிமென்ட் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து ஒன்பதாயிரம் வரை ஏறியதற்கு மேத்தா சொன்ன நியாயம், இதே போன்ற ஆலைகளை இன்று கட்ட எவ்வளவு ஆகும் என்று பாருங்கள் என்பது. லாபத்தை வைத்துப் பார்த்தால் அந்த விலை நிற்காது. அதனால்தான் லாபத்தை விட்டு வேறு அளவுகோல் தேடினார்.

உயர்ந்த மடங்கின் விலை

2000-ஆம் ஆண்டு மென்பொருள் மோகத்தில் சென்னைக்கும் பங்கிருந்தது. தரகர் கேத்தன் பாரேக்கின் விருப்பப் பங்குகளில் பென்டாமீடியா, டி.எஸ்.கியூ. சாஃப்ட்வேர், எஸ்.எஸ்.ஐ. மூன்றும் சென்னை நிறுவனங்கள். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பவில்லை.

மோசமான நிறுவனம் கவிழ்ந்ததில் பாடம் குறைவு. நல்ல நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். 2000 மார்ச் இறுதியில் இன்ஃபோசிஸின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். அவ்வாண்டு லாபம் 290 கோடிக்கு அருகில். இருநூறு மடங்கு. ஐந்து ஆண்டுகளில் லாபம் ஆறு மடங்குக்கு மேல் பெருகி 1,900 கோடியைத் தொட்டது. 2005 மார்ச்சில் சந்தை மதிப்பு சுமார் 61,000 கோடி! நிறுவனம் சொன்னதைச் செய்தது. 2000 மார்ச் இறுதியில் வாங்கியவருக்கு ஐந்தாண்டுக்கு மிஞ்சியது ஏறக்குறைய ஈவுத்தொகை மட்டுமே.

கீழ் எண்ணே பொய்யானால் என்னவாகும் என்பதற்கு எடுத்துக்காட்டு, மென்பொருள் நிறுவனமான சத்யம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் காலாண்டில் நிறுவனம் காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி, உண்மையில் இருந்தது 61 கோடி. மலிவான மடங்கில் கிடைக்கிறது என்று வாங்கியவர் உண்மையில் கொடுத்தது அதைப்போல் பத்து மடங்கு.

மோசடி இல்லாமலும் கீழ் எண் மாறும். 2021 மார்ச் 31 அன்று தேசியப் பங்குச் சந்தை, நிஃப்டியின் பி.இ.-யைத் துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. நாற்பதாக இருந்த எண் ஒரே நாளில் முப்பத்து மூன்றாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பி.இ. வரைபடத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்காவிட்டால் தவறான முடிவுக்கே வர நேரும்.

தென் மாவட்டங்களில்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள பகுதிகளில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் வேர்கள் பல உண்டு: வடக்கே ராஜபாளையத்தில் ராம்கோ குழுமம், தென்கிழக்கே தாழையூத்தில் இந்தியா சிமென்ட்ஸின் முதல் ஆலை, தூத்துக்குடியில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஊர்க்காரர்கள் தெரிந்த பெயர் என்று வாங்கும் பங்குகள் இவை.

1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962-இல் பெயர் மாறிய மெர்க்கன்டைல் வங்கி, 2022 செப்டம்பரில் பங்கு ஒன்றை 510 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. 2021–22 லாபம் 822 கோடி, பங்குகள் 14.25 கோடி. இ.பி.எஸ். 57.7 ரூபாய், பி.இ. 8.8. ஆனால் வெளியீட்டில் சுமார் 1.58 கோடி புதுப் பங்குகள் சேர்ந்தன. லாபத்தை 15.83 கோடிப் பங்குகளுக்குப் பிரித்தால் 51.9 ரூபாய்தான், வாங்கியவர் கொடுத்த உண்மையான மடங்கு 9.8. புதுப் பணம் இனிமேல் லாபம் தரும் என்பது வாதம். தரும், ஆனால் தந்த பிறகு கணக்கில் சேர்ப்பதே முறை.

ஒன்பதோ பத்தோ, தனியார் வங்கிக்கு அது குறைந்த மடங்குதான். ஒரு காரணம் விளக்க ஆவணத்திலேயே இருந்தது: வங்கியின் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதிக்கும் மேல் நீண்டகால உரிமை வழக்குகளில் சிக்கியிருந்தன. 2024–25-இல் லாபம் 1,183 கோடியாக உயர்ந்தது. 2025 மார்ச்சில் பங்கு 450 ரூபாய்க்கும் கீழே, ஏறத்தாழ ஆறு மடங்கில் இருந்தது. லாபம் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடியும் விலை இறங்கிற்று. மலிவாக இருப்பது இன்னும் மலிவாகாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

சிமென்ட் போல லாபம் ஏறி இறங்கும் தொழில்களில் பி.இ. இன்னும் வழுக்கும். தொழில் உச்சத்தில் இருக்கும்போது லாபம் பெருத்து மடங்கு சிறுத்துத் தெரியும். அதை நம்பி வாங்குவது, முகூர்த்த நாளில் சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகை விற்ற விலையை வைத்துப் பூந்தோட்டத்துக்கு விலை பேசுவது போல. கிரகாம் கேட்ட நீண்டகாலச் சராசரி இங்குதான் தேவைப்படுகிறது.

நட்டம் வந்தால் விகிதமே இல்லை. 2023–24-இல் இந்தியா சிமென்ட்ஸ் 200 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. அதனால் அவ்வாண்டுக்கு அதற்கு பி.இ. கணக்கிட முடியவில்லை. 2024 ஜூலையில் அல்ட்ராடெக் சிமென்ட் நிறுவனம், இந்தியா சிமென்ட்ஸின் நிறுவனர் தரப்பின் 32.72 சதவீதப் பங்குகளை ஒன்று 390 ரூபாய் வீதம், மொத்தம் 3,954 கோடிக்கு வாங்க ஒப்புக்கொண்டது. டிசம்பரில் தாழையூத்து ஆலை உள்பட நிறுவனம் கை மாறியது. வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது ஆண்டுக்கு 1.445 கோடி டன் சிமென்ட் அரைக்கும் திறனும் அதற்கான சுண்ணாம்புக்கல்லும். டன்னுக்கு எத்தனை ரூபாய் என்பதே சிமென்ட்காரர்கள் பார்க்கும் கணக்கு.