மாறன், ஒரு மாதிரி, ஆட்டிசம்

முள்ளிப்பட்டு என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப் புடவைதான் நினைவுக்கு வரும். ஆரணிக்குப் பக்கத்து ஊர், ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு, பிறகென்ன சந்தேகம்? ஆனால் ஊர்ப்பெயரில் இருக்கும் பட்டு வேறு. செங்கல்பட்டிலும் சேத்துப்பட்டிலும் வருவதுதான் அது. ‘பற்று’ என்பதன் திரிபு என்பார்கள்: ஒருவர் பற்றில் இருந்த நிலம். முள்ளி என்பது முட்செடி. நூலுக்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதைத் தறி மேடையில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். பெயரை யாரோ ஒருமுறை வைத்துவிட்டுப் போகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை அதில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

பேசாத, முகம் பார்க்காத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகளுக்கு நாம் வைத்த பெயர்களிலும் இதே கதை நடந்திருக்கிறது.

தெருவில் வழங்கும் பெயர் ‘ஒரு மாதிரி’. “அந்தப் பையன் ஒரு மாதிரி.” எந்த மாதிரி என்று யாரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. பாட்டிகளிடம் இன்னொரு வரிசை உண்டு: காத்துக் கருப்பு, தோஷம், பயந்த கோளாறு. வேப்பிலை அடிப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள், வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். இன்னொரு பெயர் ‘பேர் சொல்லாதது’. இரவில் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம். பேச்சு வராத பிள்ளைக்குப் பேர் சொல்லக் கூடாத மருந்து!

ஐரோப்பியக் கிராமங்களில் வேறு விளக்கம் இருந்தது. நல்ல பிள்ளையைத் தேவதைக் கூட்டம் தூக்கிக்கொண்டு போய், அதன் தொட்டிலில் தன் பிள்ளையைப் போட்டுவிட்டது என்பார்கள். ஒன்றரை இரண்டு வயதுவரை சிரித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று விலகிப்போவதைக் கண்டவர்கள் கட்டிய கதையாக இருக்கலாம் என்று ஆட்டிச ஆய்வாளர்கள் சிலர் கருதியிருக்கிறார்கள். மாறிவந்தது என்று நம்பிய பிள்ளையை அடித்தார்கள், நெருப்பருகே வைத்தார்கள். சொந்தப் பிள்ளை திரும்பி வருமாம். நம் பாட்டி, பிள்ளைமேல் ஏதோ விழுந்துவிட்டது என்கிறாள், பிள்ளை அவளுடையதுதான். வேப்பிலையிலும் வலி உண்டு. ஆனாலும் இந்த வேறுபாட்டை நான் சிறிதென்று நினைக்கவில்லை.

தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய கதை திருக்குருகூரில் இருக்கிறது. காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த குழந்தை அழவில்லை, பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் மாறன் என்று பெயரிட்டு, கோயில் புளியமரத்தடியில் விட்டார்கள் என்கின்றன குருபரம்பரை நூல்கள். பதினாறு ஆண்டுகள் பேச்சில்லை. பிறகு திருக்கோளூர் மதுரகவி வந்து, கல் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார், கண் திறக்கிறது. ஒரு புதிர்க் கேள்வி கேட்கிறார், பதில் வருகிறது. திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களையும் பாடிய நம்மாழ்வார் அவர்தான்.

சொல்லாராய்ச்சிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். மாறன் என்பது பாண்டியர் பெயர். சங்க காலத்து நன்மாறன் முதல் பின்னாளைய மாறவர்மன்கள் வரை அது தொடர்கிறது. பாண்டிய நாட்டுப் பிள்ளைக்கு அரசன் பெயரை வைத்ததில் என்ன வியப்பு? எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ‘மாறாக இருந்தவன்’ என்பது பின்னால் ஏற்றிய பொருளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஏற்றியவர்களின் மனம் அதில் தெரிகிறது. எது இல்லை என்று பட்டியல் போடாமல், மாறு என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள்.

நம்மாழ்வாருக்கு ஆட்டிசம் இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. புராணக் குழந்தைக்கு மருத்துவச் சீட்டு எழுதுவது அபத்தம். அதைவிட ஆபத்து, பேசாத பிள்ளை ஒவ்வொன்றும் ஒருநாள் ஆயிரம் பாட்டுப் பாடும் என்று காத்திருப்பது. பாடாத பிள்ளைக்கும் புளியமரத்தடியில் இடம் வேண்டுமே.

‘ஆட்டிசம்’ என்ற மருத்துவப் பெயர் வந்த வழி வேறு. சுவிஸ் மனநல மருத்துவர் ஒய்கன் பிளாய்லர் 1910-ஐ ஒட்டி, ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதை உண்டாக்கினார். மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள் ஒடுங்குவதைக் குறிக்கத்தான் அந்தச் சொல். 1943-இல் பால்டிமோரில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அதை எடுத்துக்கொண்டார். ஆக, இதுவும் வேறொருவருக்குத் தைத்த சட்டை.

நம் அரசுப் படிவங்களில் அது ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ ஆயிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சட்டம் தரும் உரிமை பெரிது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ‘அற்ற’ இடிக்கிறது. தறி வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் கவனியுங்கள். ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்; பெரியவர் கண்ணுக்குத் தப்பிய வரிசைப் பிசகு அதற்குத் தெரியலாம். அல்லது நாடா அடிக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடும். சட்டைக் காலரின் லேபிள்கூட அதை அறுக்கும். புற உலகம் இல்லாததா அதன் பிரச்சினை? அளவுக்கு மீறி வந்து விழுவதல்லவா!

நியூசிலாந்தின் மாவோரி மொழிக்காரர்கள் 2017-இல் ‘டாகிவாடாங்கா’ என்று ஒரு சொல் கண்டார்கள். மொழி அறிஞர் கேரி ஓபை உருவாக்கியது. தனக்கே உரிய காலமும் இடமும் என்று பொருள். பொறாமையாக இருக்கிறது. நாமும் ஒன்று கண்டுபிடிக்கலாம். ஆனால் பெயர் யாருக்கோ, அவர்களைக் கேட்காமல் முடிவு செய்யும் பழக்கத்தை இனியாவது விட வேண்டும். “நான் ஆட்டிஸ்டிக்” என்பதை நோயாக அல்ல, அடையாளமாகவே சொல்லிக்கொள்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

பெற்றோர் பலர் ‘ஆட்டிசம்’ என்றே சொல்கிறார்கள். ஆட்டிசம் பற்றி எழுதிவரும் எழுத்தாளர் யெஸ். பாலபாரதியும் தன் நூல்களில் அதையே எழுதுகிறார். இலங்கையில் ‘ஓட்டிசம்’. எனக்கும் அது போதும். பிறமொழிச் சொல்தான், அதனாலேயே அதில் வசவு ஒட்டவில்லை. போதாததற்குத் தமிழ்க் காதுக்கு அதில் ஒரு ஆட்டமும் கேட்கிறது. உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடுகிற, சந்தோஷம் வந்தால் கையை உதறுகிற பிள்ளையைப் பார்த்து, ஆடுவதால் ஆட்டிசம் என்று நாளைக்கு ஒரு பாட்டி பொருள் சொல்லக்கூடும். இலக்கணப்படி தப்பு. நான் திருத்தப் போவதில்லை.