நடுவயதில் கைக்கு வரும் துப்பாக்கி

இருபத்தொரு வயது நிரம்பிய இந்தியக் குடிமகன் எவரும் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் வயது மட்டும் போதாது, காரணம் காட்ட வேண்டும். காக்க வேண்டிய விளைநிலம், உயிருக்கோ உடைமைக்கோ உள்ள ஆபத்து, துப்பாக்கி தேவைப்படும் வேலை, இறந்துபோன தந்தை விட்டுச்சென்ற ஆயுதம் ஆகியவையே வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். இவை ஒரு மனிதனிடம் வந்து சேரக் காலம் பிடிக்கும். அதனால்தான் முதல் துப்பாக்கி பலருக்கு நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் கைக்கு வருகிறது. இந்த நிலை உருவானதற்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

தென்தமிழகத்துப் பாளையங்களில் ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஈட்டி, வாள், வளரி ஆகியவற்றோடு திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் பாளையக்காரரின் படையாட்களிடமும் ஊர்க்காவல் செய்தோரிடமும் புழங்கியது. ஆயுதம் ஏந்துவது அவர்களுக்கு இளமையிலேயே தொடங்கும் தொழில். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பிறப்பித்த பிரகடனம் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. 1857 எழுச்சிக்குப் பிறகு வட இந்தியா கண்ட ஆயுதப் பறிப்பைத் தென்தமிழகம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டது. இந்திய ஆயுதச் சட்டத்தின் வரலாற்றை 1857இல் தொடங்குவது பலருடைய வழக்கம். தமிழ் மண்ணைப் பொறுத்தவரை அது தவறான தொடக்கம்.

நாடு முழுவதற்குமான கட்டுப்பாடு 1857, 1860 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களில் தொடங்கி, லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் முழு வடிவம் பெற்றது. இந்தியர் பொதுவாக உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கோ விலக்கு. மலைத்தோட்டத்து வெள்ளைக்கார துரை யாரையும் கேட்காமல் துப்பாக்கி வைத்திருக்கலாம். அதே மலையடிவாரத்தில் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க நினைக்கும் குடியானவர் அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். லிட்டன் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு 1882இல் நீக்கினார், ஆயுதச் சட்டமோ அப்படியே நின்றது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு அதைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் போட்டது. அரசின் நம்பிக்கைக்கு உரியவர், சொத்துள்ளவர், ஊரில் பெயருள்ளவர் என்று அதிகாரி எண்ணியவர்களுக்கே உரிமம் எளிதில் கிடைத்தது. துப்பாக்கி அந்தஸ்தின் அடையாளமானது இந்தக் காலத்தில்தான். மிராசுதார் வீட்டுக் கூடத்துச் சுவரில் மான் கொம்புக்குக் கீழே தொங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பின்னால் இருப்பதும் இந்த அந்தஸ்தே.

ஐரோப்பியருக்கு இருந்த இன அடிப்படையிலான விலக்கு 1920இல் நடைமுறைக்கு வந்த விதிகளால் நீங்கியது, உரிம முறை நீங்கவில்லை. 1930 ஜனவரியில் காந்தி முன்வைத்த பதினொரு கோரிக்கைகளுள், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையை வாழ்வாகக் கொண்டவர் இதைக் கேட்டதில் முரண் எதுவும் இல்லை. ஆயுதத்தைத் தானாகத் துறப்பது வேறு, பறிகொடுத்து நிற்பது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். மறு ஆண்டு காங்கிரஸின் கராச்சி மாநாடு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாகவே அறிவித்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி. காமத் அதைச் சபையில் திருத்தமாகக் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. கூட்டம் கூடும் உரிமையைக்கூட அரசமைப்புச் சட்டம் ‘ஆயுதமின்றி’ என்ற நிபந்தனையோடுதான் தந்தது.

பழைய சட்டத்தின் இடத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1962 அக்டோபர் 1. அதன் 14ஆவது பிரிவில் ஒரு சிறு வரி உண்டு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து எவருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது அது. இப்படி எழுதவேண்டி வந்ததே அதற்கு முந்தைய நடைமுறை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று. பயிரைக் காப்பதற்கு, குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரவும் சட்டம் தனியாக வழி செய்தது. மலையோரக் கிராமங்களின் சிறு விவசாயிகளும், வேட்டையால் பிழைத்த நரிக்குறவர்களில் பலரும் வைத்திருந்தது இவ்வகைத் துப்பாக்கிதான். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது, 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேட்டை என்ற காரணம் செல்லாததாகிவிட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த உரிமதாரர்கள் தங்கள் ஆயுதத்தை வனத்துறையிடமும் பதிய வேண்டியிருந்தது.

வேட்டை போன பிறகு நின்ற காரணங்களில் முக்கியமானது வேலை. இதில் முன்னாள் ராணுவத்தினரின் நிலை கவனத்துக்குரியது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்த சிப்பாய் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் துப்பாக்கியைத் தொட்டவர். ஆயினும் அது அரசின் சொத்து. மாலையில் ஆயுதக் கிடங்கில் எண் சரிபார்த்து ஒப்படைத்தாக வேண்டும். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது அவர் வெறுங்கையோடுதான் வருகிறார். வங்கி, நகைக்கடை, பணம் ஏற்றும் வண்டி ஆகியவற்றின் காவலுக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் பல, சொந்த உரிமமும் துப்பாக்கியும் உள்ள ‘கன்மேன்’களையே விரும்பின. அப்போதுதான், நாற்பதை நெருங்கும் வயதில், ஓய்வுப் பணத்தின் ஒரு பகுதியைப் போட்டு அவர் முதல் முறையாகத் தமக்கென்று ஒரு ‘12 போர்’ (bore) ரகத் துப்பாக்கி வாங்குகிறார். போர்க்கருவி பிழைப்புக் கருவியாகும் இந்த மாற்றம் அதிகம் எழுதப்படாதது. வங்கி வாசலில் நிற்கும் அந்த மனிதரைக் கடந்துபோகும் பலருக்கு இது தெரியாது.

மற்றொரு வழி வாரிசுரிமை. உரிமதாரர் இறந்தால் துப்பாக்கி தானாக மகனுக்கோ மகளுக்கோ போய்விடாது. அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தம் பெயரில் புதிதாக உரிமம் பெற்ற பிறகே மீட்கலாம். 2016ஆம் ஆண்டு விதிகள் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக் கொடுக்கவும் இடம் தந்தன. உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர் 25 ஆண்டுகள் அந்த ஆயுதத்தை வைத்திருந்திருக்க வேண்டும். தந்தைக்கு எழுபது என்றால் பிள்ளைக்கு நாற்பதாவது இருக்கும். அந்த வயதுவரை வீட்டில் கண்ணால் மட்டும் பார்த்த பொருளுக்கு அவர் பொறுப்பாளி ஆகிறார்.

கர்நாடகத்தின் குடகு இந்தத் தாமதத்துக்கு விலக்கு. அங்கு கொடவ இனத்தாருக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை நிலவுரிமை உடையோருக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விதிவிலக்கு உண்டு. இந்த வழக்கம் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே வருகிறது. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வேட்டு போடுவார்கள். கைல்போது விழாவில் துப்பாக்கிகளுக்குப் பூச்சூட்டி வழிபடுவார்கள். துப்பாக்கி பிறப்போடு வரும் ஊர் அது.

மற்ற ஊர்களில் உரிமம் பெறும் பாதை கலெக்டர் அலுவலகம் வழியாக, மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம் வழியாகப் போகிறது. விண்ணப்பதாரரைப் பற்றிக் காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். 2016ஆம் ஆண்டு விதிகள் ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் புதிதாகச் சேர்த்தன. ஐம்பது வயதில் முதல் முறையாகத் துப்பாக்கியைத் தொடுபவருக்கு இது மிகவும் தேவையான ஏற்பாடு, பல பத்தாண்டுகள் தாமதித்து வந்தது என்பதே குறை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, உரிமக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டியது. தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்வதும், முடிவுகள் வந்த பிறகு திரும்ப வாங்குவதும் இன்றும் தொடர்கின்றன. வங்கிக் காவலர்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளிப்பதுண்டு.