பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். தொழுநோயால் செயலிழந்த கைகளையும் கால்களையும் அறுவை மருத்துவத்தால் சீரமைக்கும் முறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்கு வலியுணர்வின் இழப்பே முக்கியக் காரணம் என்று நிறுவியவர் என்ற வகையில் மருத்துவ வரலாற்றில் அறியப்படுகிறார். வலியைக் கொடையாகக் கண்ட இவரது சிந்தனை, துன்பத்தைப் பற்றிய கிறித்தவ எழுத்துகளில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றுள்ளது.

பிறப்பும் குடும்பமும்

பிராண்டின் பெற்றோர் ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் ஆகியோர் பாப்திஸ்து சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர்கள். 1913இல் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலையில் குடியேறினர். இம்மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. மலைக்காய்ச்சல் மிகுந்திருந்ததால் சமவெளி மக்கள் அங்கே தங்க அஞ்சிய காலம் அது. ஜெசி பிராண்ட் மலைவாழ் மக்களுக்கு மருத்துவம் பார்த்ததுடன் வீடு கட்டுதல், வேளாண்மை, பள்ளி நடத்துதல் ஆகியவற்றிலும் ஈடுபட்டார். பாலும் அவருடைய தங்கையும் மலைச் சிறுவர்களோடு தமிழ் பேசி வளர்ந்தனர்.

1923இல், ஒன்பது வயதில், பால் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அவர் மீண்டும் காணவில்லை. 1929இல் ஜெசி பிராண்ட் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையில் இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் வந்த பின்னரும், அவர் முன்னரே எழுதிக் கப்பலில் அனுப்பியிருந்த கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன.

தாய் எவலின் பிராண்ட் கணவரை இழந்த பின்னும் இந்தியாவிலேயே பணியாற்றினார். ஓய்வு வயதை அடைந்ததும் சபை அவரைப் பணியிலிருந்து விடுவித்தது. ஆனால் அவர் தம் பொறுப்பில் மீண்டும் மலையேறி, கொல்லிமலையிலும் சுற்றியுள்ள பிற மலைகளிலும் மட்டக் குதிரையில் ஊர் ஊராகச் சென்று பணியைத் தொடர்ந்தார். 1974இல் 95ஆம் வயதில் இறந்தார். அவரது உடல் கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

கல்வி

பிராண்ட் தொடக்கத்தில் மருத்துவராக விரும்பவில்லை. புண்களில் சீழும் குருதியும் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு மருத்துவத்தின் மீது வெறுப்பே இருந்தது. தந்தையைப் போல் மறைப்பணியாளராகக் கருதி, பள்ளிப் படிப்புக்குப் பின் கட்டடத் தொழில் பயின்றார். தச்சு, கொத்து வேலைகளில் அவர் பெற்ற கைத்திறன் பிற்காலத்தில் அறுவை மருத்துவத்திற்கு உதவியது. மறைப்பணியாளருக்கான குறுகியகால மருத்துவப் பயிற்சியின்போது மனம் மாறி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் குண்டுவீச்சுக்கு உள்ளான காலத்தில் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்து பயிற்சி பெற்றார். உடன் பயின்ற மார்கரெட் பெரியை 1943இல் மணந்தார். மார்கரெட் பிராண்ட் பின்னர் தொழுநோயாளரின் கண் மருத்துவத்தில் வல்லுநரானார்.

வேலூரில் பணி

பிராண்ட் 1946இன் இறுதியில் வேலூர் வந்தார். ஐடா ஸ்கடர் 1900இல் ஓர் அறையில் தொடங்கிய மருத்துவப் பணி, அப்போது மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. 1947இல் தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்றுச் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டார். அங்கே விரல்கள் கொக்கி போல் மடங்கிய ஒருவரிடம் தம் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலமற்றதாகத் தோன்றிய அக்கை அவரது கையை வலிக்கும்படி இறுக்கியது. கையின் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை, முன்கையின் வலிய தசைகள் நலமாகவே உள்ளன என்பதை அந்தப் பிடியிலிருந்து பிராண்ட் உணர்ந்தார்.

உடலின் குளிர்ந்த பகுதிகளில், தோலுக்கு அருகில் செல்லும் நரம்புகளையே தொழுநோய்க் கிருமி பெரிதும் தாக்குகிறது. இதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கையின் சில தசைகள் தப்பிவிடுகின்றன. நலமான தசை ஒன்றின் தசைநாணை இடம் மாற்றி, செயலிழந்த விரல்களுடன் இணைத்தால் அவை மீண்டும் இயங்கும். பிற காரணங்களால் ஏற்படும் வாதத்திற்கு முன்னரே கையாளப்பட்ட இம்முறையை, பிராண்டும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளருக்கு ஏற்ப வளர்த்தெடுத்தனர். தொழுநோயாளரைப் பொது மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்கிய காலத்தில் இப்பணி தொடங்கியது.

கை சீரானதும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அறுவைக்குப் பின் திரும்பி வந்த ஒருவர், நல்ல கைகளைக் கண்டு இப்போது யாரும் பிச்சை இடுவதில்லை என்றும், தழும்புகளைக் கண்டு யாரும் வேலை தருவதில்லை என்றும் முறையிட்டார். இத்தகையோர் தொழில் கற்றுக்கொள்வதற்காக 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவாயிற்று. அங்கே தச்சு வேலையும் மரப்பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. பிராண்ட் தாமே தச்சுப் பட்டறையில் நின்று கற்பித்தார். 1955இல் வேலூருக்கு அருகில் கரிகிரியில் ஷெஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இது உலகின் பல நாடுகளைச் சேர்ந்த மருத்துவர்களுக்குப் பயிற்சி மையமாக விளங்கியது.

விரல்கள் அழிவதற்கான காரணம்

தொழுநோயில் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. பிராண்ட் இதை ஏற்கவில்லை. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பினான். பின்னர் பார்த்தபோது அவனது விரல் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. வலி தெரியாததால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

இதன்பின் நோயாளரின் ஒவ்வொரு காயத்தையும் அன்றன்றே ஆராய்ந்து காரணம் கண்டறியும் வழக்கம் ஏற்பட்டது. சூடான பாத்திரம், கருவிகளின் கரடுமுரடான கைப்பிடி, பொருந்தாத செருப்பு, காலில் தைத்த முள் என அன்றாடப் பொருள்களே காரணமாக இருந்தன. இரவில் விரலின் ஒரு பகுதி மறைந்துபோவது மட்டும் புதிராக இருந்தது. இரவில் கண்காணித்தபோது, உறங்குவோரின் விரல்களை எலிகள் கடித்துத் தின்பது தெரியவந்தது. வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. இதற்குத் தீர்வாக, வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனை வழங்கப்பட்டது.

வலியுணர்வு இல்லாமையே அழிவுக்கு வழிவகுக்கிறது என்ற இம்முடிவு, நீரிழிவு நோயாளரின் பாதப் புண்களுக்கும் பொருந்துவதாகப் பின்னர் அறியப்பட்டது. பாதத்தில் விழும் அழுத்தத்தைக் குறைக்கும் காலணிகளும் கட்டுகளும் இன்று நீரிழிவு மருத்துவத்தில் வழக்கத்தில் உள்ளன. இவற்றின் வளர்ச்சியில் பிராண்டின் ஆய்வுகளுக்குப் பங்குண்டு.

வலி பற்றிய சிந்தனை

பிராண்டின் சிந்தனையில் திருப்பம் ஏற்படுத்திய நிகழ்வு 1950களில் நடந்தது. அமெரிக்கப் பயணம் முடித்துக் கப்பலில் இங்கிலாந்து வந்த அவர், இலண்டனில் தங்கிய இரவில் தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டதென்று எண்ணி, குடும்பத்தையும் பணியையும் பிரிந்து வாழவேண்டிய நிலையை நினைத்து இரவெல்லாம் விழித்திருந்தார். காலையில் மீண்டும் குத்தியபோது வலித்தது. நீண்ட தொடர்வண்டிப் பயணத்தில் நரம்பு அழுந்தியதால் ஏற்பட்ட தற்காலிக மரமரப்பே அது என்று அறிந்து, வலிக்காகக் கடவுளுக்கு நன்றி கூறினார். தம் நோயாளருக்கு ஒரு கொடை வழங்க இயலுமானால் வலியையே வழங்குவேன் என்ற கருத்தைப் பின்னாளில் பலமுறை வெளியிட்டார்.

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்குத் தலைமையேற்ற பின், செயற்கை வலியை உருவாக்கும் ஆய்வை மேற்கொண்டார். அழுத்தத்தை அறியும் கருவிகள் கையுறையில் பொருத்தப்பட்டு, அளவு மீறும்போது ஒலியோ ஒளியோ எச்சரித்தது. நோயாளர் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தந்தபோது, கடினமான வேலையைச் செய்ய விரும்பியவர்கள் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் ஆய்வு கைவிடப்பட்டது. வலி உண்மையாகவே வருத்த வேண்டும், மனிதன் விருப்பம்போல் நிறுத்த இயலாததாகவும் இருக்க வேண்டும் என்பதே அத்தோல்வி தந்த முடிவாகும்.

நோயைக் கடவுள் தரும் தண்டனையாகக் காணும் கருத்தைப் பிராண்ட் ஏற்கவில்லை. தொழுநோயாளர் நெடுங்காலம் சுமந்த பழிகளுள் அதுவும் ஒன்று. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரம் திருச்சபையைப் பல உறுப்புகள் கொண்ட ஓர் உடலாக உருவகிக்கிறது. உணர்வற்ற உறுப்பு உடலின் பகுதியாகவே கருதப்படாமல் புறக்கணிக்கப்படுவதைத் தம் நோயாளரிடம் கண்ட பிராண்ட், இவ்வுருவகத்தை மருத்துவரின் கண்கொண்டு விளக்கினார். ஓர் உறுப்பின் வலியை மற்ற உறுப்புகள் உணர்வதே உடல் உயிரோடிருப்பதன் அடையாளம். அதுபோலப் பிறர் துன்பத்தை உணராத சமூகம் தொழுநோயுற்ற கையைப் போன்றது என்பது அவரது விளக்கம்.

நவஜீவ நிலையத்தில் நோயாளரிடையே அவர் ஆற்றிய உரை ஒன்று பின்னர் பலராலும் எடுத்துரைக்கப்பட்டது. அவர் அன்று கைகளைப் பற்றியே பேசினார். இயேசுவின் குழந்தைக் கை, தச்சர் கை, நோயாளரைத் தொட்ட கை ஆகியவற்றை விவரித்து, ஆணி அறையப்பட்டபோது நரம்பு சிதைந்து அக்கையும் அவர்களுடைய கைகளைப் போல் மடங்கியிருக்கும் என்றார். உயிர்த்தெழுந்த பின்னும் இயேசு தழும்புகளை மறைக்கவில்லை என்று கூறி முடித்தார். அதுவரை கைகளை மறைத்து அமர்ந்திருந்தவர்கள் அவற்றை உயர்த்திக் கூப்பினர்.

மேரி வர்கீஸ்

கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் (1925–1986) வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் ஊக்கமளித்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். தாங்கள் இழந்ததைப் போலத் தாமும் இழந்த ஒருவர் மருத்துவராக வந்தது நோயாளருக்கு நம்பிக்கை அளித்தது. பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. கால்களை மீண்டும் தராத கடவுள் வேறொரு பணியைத் தந்தார் என்ற நம்பிக்கையே அவரது வாழ்வின் அடிப்படையாக இருந்தது.

கருத்து வேறுபாடுகள்

வலி எச்சரிக்கும் கொடை என்ற விளக்கம் எல்லாத் துன்பத்துக்கும் பொருந்தாது என்பது இச்சிந்தனை மீது வைக்கப்படும் முக்கியமான கேள்வி. முற்றிய புற்றுநோயின் வலியும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நாட்பட்ட வலியும் எவ்வகையிலும் பாதுகாப்பு அளிப்பதில்லை. எச்சரிக்கை பயன்படாத நிலையில் வலியைத் தணிப்பது மருத்துவரின் கடமை என்பதைப் பிராண்டும் ஏற்றார். துன்பம் ஏன் வருகிறது என்பதற்கு அவர் முழுமையான விடை கூறவில்லை. துன்பத்துக்கு மனிதர் எவ்வாறு மறுமொழி தருகின்றனர் என்பதிலேயே அவரது கவனம் இருந்தது. விவிலியத்தின் யோபு நூலும் துன்பத்தின் காரணத்தை விளக்காமலே முடிவது ஒப்புநோக்கத்தக்கது.

இறுதிக்காலம்

பிராண்ட் 1960இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருதையும், 1961இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருதையும் பெற்றார். 1986இல் கார்வில் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சியாட்டில் நகரில் வாழ்ந்தார். ஜூலை 8, 2003 அன்று தமது 88ஆம் வயதில் அங்கே காலமானார். 1980களில் கூட்டு மருந்து முறை பரவிய பின் தொழுநோய் முழுமையாகக் குணமாக்கக்கூடிய நோயாகிவிட்டது. எனினும் காலம் தாழ்ந்து மருத்துவம் பெறுவோர்க்கு நரம்பு இழப்பு ஏற்படுவதால், அவரது அறுவை முறைகளும் காயத் தடுப்பு முறைகளும் இன்றும் தேவைப்படுகின்றன.

நூல்கள்

பிராண்ட், எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து எழுதியவை:

* ஃபியர்ஃபுல்லி அண்ட் ஒண்டர்ஃபுல்லி மேட் (1980) - மனித உடலின் அமைப்பைக் கொண்டு கிறித்தவ வாழ்வை விளக்கும் நூல்
* இன் ஹிஸ் இமேஜ் (1984) - முன்னதன் தொடர்ச்சி
* பெயின்: தி கிஃப்ட் நோபடி வாண்ட்ஸ் (1993) - தன்வரலாற்றுடன் கூடிய வலி பற்றிய நூல்

டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் பால் பிராண்ட், எவலின் பிராண்ட், மேரி வர்கீஸ் ஆகிய மூவரின் வாழ்க்கை வரலாறுகளையும் தனித்தனி நூல்களாக எழுதியுள்ளார்.