பெண்களையும் ஆட வைத்த கும்மி ஆசிரியர்

முருகன்-வள்ளி கல்யாண கதையை பாடிக்கொண்டே கூட்டமாக ஆடுவதுதான் வள்ளி ஒயில் கும்மி. கொங்கு மண்டலத்தில் ஒரு காலத்தில் ஆம்பளைங்க மட்டுமே ஆடி வந்தனர்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள தேக்கம்பட்டியை சேர்ந்த கும்மி ஆசிரியர் பத்திரப்பன், பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து இந்த வழக்கத்தை மாற்றினார். 87 வயதில் அவருக்கு 2024-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

குழு நிலைப்பது எப்படி?

வேலைவெட்டி முடிந்து இரவில் ஊர் பொது இடத்தில் கூடுகிறார்கள். ஆசிரியர் பாட, மற்றவர்கள் ஆடுகிறார்கள். அடவுகள் பழகியதும் ஊரார் முன்னிலையில் அரங்கேற்றம் நடக்கிறது. வீட்டு பெண்களும், பிள்ளைகளும் சேர்ந்ததால் ஆட ஆளுக்கு பஞ்சமில்லை.

விருதுநகர் பக்கமும் முளைப்பாரியை சுற்றி பெண்கள் கும்மி கொட்டுவது உண்டு. திருவிழாவோடு நிறுத்தாமல் வாரம் ஒருநாள் கூடினால், சூலக்கரையிலும் கும்மி குழு நிலைக்கும்.